மின்வண்டி பில்லில் பூஜ்ஜியம் இருக்க வேண்டிய இடங்கள்

ஈரோட்டில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறேன். ஜிஎஸ்டி, வருமான வரி இதுதான் தினசரி வேலை. ஆனால் கொஞ்ச காலமாக வீட்டாரும் அக்கம்பக்கத்தாரும் என்னிடம் கொண்டுவந்து நீட்டுவது வேறொரு காகிதம். எலக்ட்ரிக் ஸ்கூட்டரோ காரோ வாங்கப் போகிறவர்கள் ஷோரூமில் எழுதிக் கொடுத்த ஆன்-ரோடு கொட்டேஷன். "அக்கா, இதுல கவர்மென்ட் சலுகை எங்க இருக்குன்னு பாருங்க" என்பார்கள்.

சலுகை என்றதும் பேங்க் கணக்கில் பணம் வந்து விழும் என்று பெரும்பாலானவர்கள் நினைக்கிறார்கள். தமிழ்நாட்டில் சொந்த உபயோகத்துக்கு மின்வண்டி வாங்குகிறவருக்கு மாநில அரசு கையில் எதுவும் கொடுப்பதில்லை. வாங்க வேண்டிய வரியை வாங்காமல் விடுகிறது. அதனால் அந்தச் சலுகை பில்லில் ஒரு பூஜ்ஜியமாகத்தான் தெரியும். அந்தப் பூஜ்ஜியம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறதா, பக்கத்து இடத்தில் வேறு பெயரில் ஒரு தொகை முளைத்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் நம் வேலை.

முதலில் அந்தப் பூஜ்ஜியத்தின் மதிப்பு எவ்வளவு என்று தெரிந்துகொள்ளுங்கள். 2023 நவம்பரில் தமிழ்நாடு ஆயுட்கால வரியை, அதாவது பதிவின்போது ஒரே தடவையாகக் கட்டும் சாலை வரியை, உயர்த்தியது. ஒரு லட்சம் ரூபாய் வரையுள்ள புது பைக்குக்கு 10 சதவீதம், அதற்கு மேல் 12 சதவீதம். காருக்கு 5 லட்சம் வரை 12, 5 முதல் 10 லட்சம் வரை 13, 10 முதல் 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20 சதவீதம். இவை பெட்ரோல், டீசல் வண்டிக்காரர்கள் கட்டுவது. பேட்டரியில் மட்டும் ஓடும் வண்டிக்கு இந்த வரியில் நூறு சதவீத விலக்கு. ஒன்றே கால் லட்சம் ரூபாய் ஸ்கூட்டரில் 15,000 மிச்சம். 15 லட்சம் ரூபாய் காரில் 2,70,000 மிச்சம். இந்த ஒரு வரி விலக்குதான் மொத்தச் சலுகையில் ஆகப் பெரியது. மற்றதெல்லாம் இதற்கு முன் சில்லறைதான்.

"பேட்டரியில் மட்டும்" என்பதை அழுத்திச் சொல்கிறேன். பெட்ரோல் இன்ஜினும் மின் மோட்டாரும் சேர்ந்த ஹைப்ரிட் காருக்கு இந்த விலக்கு கிடையாது. உத்தரப் பிரதேசத்தில் 2024 ஜூலையில் ஸ்ட்ராங் ஹைப்ரிடுக்கும் வரியை விட்டுக்கொடுத்தார்கள். அந்தச் செய்தியைப் படித்துவிட்டு இங்கேயும் அப்படித்தான் என்று நம்பி வருகிறவர்கள் உண்டு. இங்கே ஹைப்ரிடுக்கு முழு வரி. பதிவு முடிந்து ஆர்சி கையில் வந்ததும் எரிபொருள் என்ற இடத்தைப் பாருங்கள். எலக்ட்ரிக் பிஓவி (பேட்டரியில் ஓடும் வண்டி) என்றோ ப்யூர் ஈவி என்றோ இருக்க வேண்டும். அங்கே தவறாகப் பதிந்திருந்தால் உடனே டீலரிடம் சொல்லித் திருத்தி வாங்குங்கள். பின்னால் விற்கும்போதும் இன்சூரன்ஸ் புதுப்பிக்கும்போதும் அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் எல்லாக் கணக்கும் நடக்கும்.

அடுத்தது தேதி. இந்த விலக்கு நிரந்தரமானதல்ல. 2020 நவம்பரில் அறிவித்து 2022 கடைசி வரை கொடுத்தார்கள். 2023 பிப்ரவரியில் வந்த மின்வாகனக் கொள்கை அதை 2025 டிசம்பர் 31 வரை கொண்டுபோனது. பிறகு 2027 டிசம்பர் 31 வரை நீட்டித்தார்கள். ஒவ்வொரு முறையும் கெடு நெருங்கும்போது வாங்குகிறவர்கள் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: நான் நவம்பரிலேயே அட்வான்ஸ் கொடுத்துவிட்டேனே, எனக்குப் பொருந்தாதா? அட்வான்ஸ் தேதியை யாரும் பார்க்கப் போவதில்லை. வரி கணக்கிடப்படுவது பதிவின்போது. கெடுவுக்கு ஓரிரு மாதம் முன்னால் புக் செய்கிறவர்கள், பதிவு கெடுவுக்குள் முடியாமல் போனால் வரியை யார் ஏற்பது என்பதை ஷோரூமில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ச்சொல் போதாது. வெயிட்டிங் அதிகமுள்ள மாடலாக இருந்தால் இதை விடவே கூடாது.

இனி பில்லை வரி வரியாகப் பார்ப்போம்.

எக்ஸ்-ஷோரூம் விலை. மின்வண்டிக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அது இந்த விலைக்குள்ளேயே அடங்கியது. சாலை வரி, பூஜ்ஜியம். பதிவுக் கட்டணம், இதுவும் பூஜ்ஜியம். பேட்டரி வண்டிக்குப் பதிவுச் சான்று கொடுக்கவும் புதுப்பிக்கவும் பதிவெண் ஒதுக்கவும் கட்டணம் வாங்கக்கூடாது என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2021 ஆகஸ்ட் 2ஆம் தேதி அறிவிக்கை வெளியிட்டது. இது மாநிலச் சலுகையின் கெடுவோடு சேர்ந்தது அல்ல, தனி.

ஆனால் ஆர்டிஓ வகையில் எதுவுமே கட்ட வேண்டாம் என்று அர்த்தமில்லை. ஸ்மார்ட் கார்டுக்கும் தபாலுக்கும் சிறு தொகை இருக்கும். தமிழ்நாட்டில் 2024 பிப்ரவரி 28 முதல் ஆர்சி ஸ்பீட் போஸ்ட்டில்தான் வருகிறது. அதனால் முகவரியையும் கைபேசி எண்ணையும் சரியாகக் கொடுங்கள். கடனில் வாங்கினால் கடன் கொடுத்தவர் பெயரை ஆர்சியில் ஏற்ற பைக்குக்கு 500, காருக்கு 1,500 கட்டணம் உண்டு. அது நியாயமானது, கட்டித்தான் ஆக வேண்டும்.

பில்லில் இதற்குப் பிறகு வருகிற இடங்களில்தான் கண் வைக்க வேண்டும். "ரிஜிஸ்ட்ரேஷன் சார்ஜஸ்" என்று மொத்தமாக ஒரு தொகை. "ஹேண்ட்லிங்", "லாஜிஸ்டிக்ஸ்", "டாகுமென்டேஷன்" என்று இன்னொன்று. சமீபத்தில் என் தம்பி கொண்டுவந்த கார் கொட்டேஷனில் பதிவு என்று எழுதி எதிரே ஐந்து இலக்கத் தொகை போட்டிருந்தார்கள். நானே போன் செய்தேன்.

"சார், ஈவிக்கு டாக்ஸ் இல்லைங்களே, ரிஜிஸ்ட்ரேஷன் பீஸும் இல்லை. இந்த அமவுன்ட் எதுக்குங்க?"

"மேடம், அது எங்க ப்ராசஸிங்ங்க. எல்லாருக்கும் போடறதுதான்."

"சரிங்க, அப்ப அதை ரிஜிஸ்ட்ரேஷன்னு எழுதாதீங்க. ஆர்டிஓவுக்கு எவ்வளவு கட்டுறீங்களோ அந்த ரசீதை மட்டும் குடுங்க, அதைத் தந்துடறோம்."

மறுநாள் வந்த புதுக் கொட்டேஷனில் அந்தத் தொகை பெரும்பாலும் காணாமல் போயிருந்தது. சத்தம் போட வேண்டியதில்லை. ஆர்டிஓ ரசீதைக் கேட்டாலே போதும். அரசுக்குப் போகும் ஒவ்வொரு ரூபாய்க்கும் வாகன் என்ற அரசின் வண்டிப் பதிவு இணையதளத்தில் ரசீது உண்டு. ரசீது இல்லாத பணம் அரசுக்குப் போகவில்லை. அந்த ரசீதில் வரி என்ற இடத்தில் பூஜ்ஜியம் அச்சாகியிருப்பதைப் பார்த்து பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

10 லட்சத்துக்கு மேல் விலையுள்ள கார் வாங்குகிறவர்களுக்கு ஒரு விஷயம். பில்லில் டிசிஎஸ் என்று ஒரு சதவீதம் சேர்த்திருப்பார்கள். 15 லட்சம் காருக்கு 15,000. இதுவும் ஏதோ ஒரு வரி என்று நினைத்துக் கட்டிவிட்டு மறந்துவிடுகிறார்கள். இது உங்கள் பேரில், உங்கள் பான் எண்ணில் முன்கூட்டியே வருமான வரித்துறைக்குப் போகும் பணம். உங்கள் பான் எண்ணில் கட்டிய வரியையெல்லாம் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் அது ஏறியிருக்கும். ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம், வரியே வராது என்றால் முழுதாகத் திரும்பி வரும். பணி ஓய்வு பெற்ற ஒரு ஆசிரியர் தம்பதி, வருமானம் வரம்புக்குள்தான் இருக்கிறது, ரிட்டர்ன் எதற்கு என்று இருந்தார்கள். கார் வாங்கிய ஆண்டுக்கு மட்டுமாவது போடுங்கள் என்று உட்கார வைத்துப் போட்டுக் கொடுத்தேன். பணம் வந்தது. கார் யார் பேரில் வாங்குவது என்று முடிவு செய்யும்போதே, அவர் பேரில் பான் இருக்கிறதா, ரிட்டர்ன் போடுவாரா என்றும் சேர்த்து யோசியுங்கள்.

வருமான வரி என்றதும் ஷோரூமில் இன்னும் சிலர் சொல்லும் இன்னொன்று: மின்வண்டிக் கடன் வட்டியில் ஒன்றரை லட்சம் வரை கழிவு, வருமான வரிச் சட்டத்தின் 80ஈஈபி பிரிவு. அது 2019 ஏப்ரல் 1 முதல் 2023 மார்ச் 31க்குள் அனுமதிக்கப்பட்ட கடன்களுக்கு மட்டும். இன்று புதுக் கடன் வாங்குகிறவருக்கு அது கிடையாது. அதை நம்பித் தவணைக் கணக்குப் போடாதீர்கள்.

மத்திய அரசின் பிஎம் இ-டிரைவ் மானியம் 2024 அக்டோபரில் தொடங்கியது. ஸ்கூட்டருக்கு 2024-25ல் அதிகபட்சம் 10,000, அடுத்த ஆண்டே அது 5,000 ஆகப் பாதியாகிவிட்டது. அதுவும் டீலர் பில்லிலேயே கழித்துத் தந்தது, ஆதார் வைத்து நடந்தது. சொந்தக் காருக்கு அந்தத் திட்டத்தில் எதுவும் இல்லை. குறைந்துகொண்டே வந்தது என்பதால் இதை வைத்து வாங்குவதா வேண்டாமா என்று முடிவெடுக்காதீர்கள்.

இன்சூரன்ஸில் மூன்றாம் நபர் பிரீமியம் 2022 ஜூன் முதல் மின்வண்டிக்கு 15 சதவீதம் குறைவு. கார் என்றால் 30 கிலோவாட் வரை ஆண்டுக்கு 1,780, 30 முதல் 65 கிலோவாட் வரை 2,904, அதற்கு மேல் 6,712 என்று அப்போது வகுத்தார்கள். பாலிசியில் மோட்டார் திறன் சரியான பிரிவில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். 64 கிலோவாட் வண்டியை மேல் பிரிவில் போட்டால் தொகை இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிடும்.

இதுவரை ஒரு தடவைக் கட்டணங்கள். இனி சொல்லப்போவது இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வருவது. நான் அதிகம் கவலைப்படுவதும் இதைப் பற்றித்தான். வரியில் கிடைத்த பூஜ்ஜியத்தைக் கொண்டாடிவிட்டு ஈபி கார்டைப் பார்க்காமல் விட்டுவிடுகிறார்கள்.

சொந்த வண்டியை வீட்டு இணைப்பிலேயே சார்ஜ் செய்யலாம், அதற்குத் தனி இணைப்பு கட்டாயமில்லை. நல்ல விஷயம். ஆனால் நம் வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது. முதல் 100 யூனிட் இலவசம். 2024 ஜூலைக்குப் பிறகு நாம் கட்டும் கணக்கு ஏறத்தாழ இப்படி: 101 முதல் 200 வரை 2.35, 400 வரை 4.70, 500 வரை 6.30. 500ஐ ஒரு யூனிட் தாண்டினாலும் அந்த 2.35 என்ற மலிவு விலை போய் அதற்கும் 4.70. அதாவது கோட்டைத் தாண்டியதுமே 235 ரூபாய் கூடும். பிறகு 600 வரை 8.40, 800 வரை 9.45, ஆயிரம் வரை 10.50, அதற்கு மேல் 11.55.

ஒரு வீட்டில் இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கட்டணம் 1,175. மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓடும் கார் வருகிறது. நூறு கிலோமீட்டருக்கு 15 யூனிட் என்றால் இரண்டு மாதத்தில் 300 யூனிட். மொத்தம் 700. கட்டணம் 3,825. கார் தின்றது 2,650 ரூபாய், கிலோமீட்டருக்கு ஒன்றே கால் ரூபாய்க்குச் சற்று மேல். அதே தூரம் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் காரில் போனால், லிட்டர் நூறு ரூபாய் என்றாலும் 13,000ஐத் தாண்டும். ஆக, லாபம் லாபம்தான். ஆனால் ஏற்கெனவே ஏசி போட்டு 800 யூனிட் ஓடும் வீட்டில் அதே 300 யூனிட் 3,255 ரூபாய் ஆகும். ஷோரூமில் "கிலோமீட்டருக்கு ஐம்பது பைசா" என்று சொல்வது உங்கள் வீட்டுக்குப் பொருந்தாது. உங்கள் கடைசி ஆறு ரீடிங்கை எடுத்து, மேலே சொன்ன படிகளில் வைத்து நீங்களே போட்டுப் பாருங்கள். ஸ்கூட்டருக்கு இந்தப் பயம் வேண்டாம். நூறு கிலோமீட்டருக்கு மூன்று யூனிட் சுற்றித்தான் வரும். 480, 490 என்று கோட்டுக்கு மிக அருகில் இருக்கும் வீடுகள் மட்டும் கவனித்தால் போதும்.

கார் கம்பெனி இலவசமாகத் தரும் 7.2 கிலோவாட் சுவர் சார்ஜரை அப்படியே மாட்டிவிடாதீர்கள். ஒருமுனை இணைப்புள்ள வீடு அதைத் தாங்காது. மும்முனைக்கு மாற்றி, அனுமதிக்கப்பட்ட மின்சுமையையும் ஏற்றி வாங்க வேண்டும். அதற்கு டெபாசிட் முதல் வயரிங் வரை செலவு உண்டு. தினம் நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு எர்த்திங் ஒழுங்காக உள்ள 15 ஆம்பியர் பாயின்ட்டே போதும். இரவு முழுதும் மெதுவாக ஏறும். நல்ல எலக்ட்ரீஷியனை வைத்து மெயின் போர்டிலிருந்து அதற்கென்று தனி வயர் இழுங்கள். ஏசிக்குப் போகும் லைனில் ஒட்டுப் போடுவது ஆபத்து.

சொந்த மாடி இருந்து, காரும் வாங்கி, 700, 800 யூனிட்டுக்குப் போகும் வீடுகளுக்கு சோலார் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. மத்திய அரசின் பிஎம் சூர்ய கர் என்ற மாடி சோலார் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். அது உங்கள் மேல்படி யூனிட்டுகளைத்தான் முதலில் குறைக்கும், அதனால் விலை உயர்ந்த யூனிட்டுகள்தான் மிச்சமாகும்.

வெளிமாநிலத்தில் பிள்ளைகள் வேலை பார்க்கும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. இங்கே கிடைத்த பூஜ்ஜியம் எல்லை தாண்டாது. வண்டியை இன்னொரு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும், அப்போது அந்த மாநிலத்து வரி விதிதான். கேரளத்தில் 2025 ஏப்ரல் 1 முதல் மின்காருக்கு 15 லட்சம் வரை 5 சதவீதம், 20 லட்சம் வரை 8, அதற்கு மேல் 10 சதவீதம். கர்நாடகம் 2024ல் 25 லட்சத்துக்கு மேற்பட்ட மின்கார்களுக்கு 10 சதவீதம் கொண்டுவந்தது. தெலங்கானாவில் 2024 நவம்பர் 18 முதல் 2026 டிசம்பர் 31 வரை முழு விலக்கு. கொச்சியில் வேலை பார்க்கும் மகனுக்காகக் கோவையில் வாங்கி அனுப்பினால் வரி மிச்சம் என்று கணக்குப் போடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போடட்டும். மாற்றலாகும் வேலையில் இருப்பவர்கள் பிஎச் எண் (மாநிலம் மாறினாலும் மறுபதிவு வேண்டாத பாரத் வரிசை எண்) கேட்கிறார்கள். அதில் மின்வண்டிக்கு இரண்டு சதவீதம் குறைவு, ஆனால் பூஜ்ஜியம் அல்ல. 10 லட்சத்துக்குள் 6, 20 லட்சம் வரை 8, மேலே 10 சதவீதம் என்ற விகிதத்தில் இரண்டிரண்டு ஆண்டாகக் கட்ட வேண்டும். வரி விலக்கு உள்ள மாநிலத்தில் பல ஆண்டு இருக்கப் போகிறவருக்கு அது வீண் செலவு.

கடைசியாக, வண்டியை வைத்துப் பிழைப்பவர்கள். உங்களுக்குத்தான் இந்தச் சலுகைகள் அதிகம் தேவை, உங்களுக்குத்தான் யாரும் சரியாகச் சொல்வதுமில்லை. மின் ஆட்டோவுக்கும் மின் சரக்கு வண்டிக்கும் மேலே சொன்ன வரி விலக்கு அப்படியே உண்டு. 2018 அக்டோபர் முதல் பேட்டரி வாகனங்களுக்குப் பர்மிட்டே தேவையில்லை. பர்மிட் வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்கும் இடைத்தரகரிடம் போகாதீர்கள். நம்பர் பிளேட் பச்சை நிறத்தில் மஞ்சள் எழுத்தாக இருக்க வேண்டும். சொந்த வண்டிக்குத்தான் பச்சையில் வெள்ளை எழுத்து. சொந்த உபயோகம் என்று பதிந்துவிட்டு வாடகைக்கு ஓட்டினால் விபத்து நேரத்தில் இன்சூரன்ஸ் கைவிட்டுவிடும்.

உணவு, பார்சல் டெலிவரி செய்யும் தம்பி தங்கைகளுக்கு 2025-26 மாநில பட்ஜெட்டில் ஒரு திட்டம் அறிவித்தார்கள். புது எலக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்க 2,000 பேருக்குத் தலா 20,000 ரூபாய் மானியம். நான் முதலில் சொன்னதற்கு விலக்காக, இது நிஜமாகவே கொடுக்கும் பணம். ஆனால் அது இணையம் சார்ந்த கிக் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்தவர்களுக்கு. வண்டி வாங்கிவிட்டுப் பிறகு வாரியத்தில் சேர்ந்துகொள்ளலாம் என்று இருக்காதீர்கள். முதலில் தொழிலாளர் துறை அலுவலகம் போய் ஆதார், வங்கிக் கணக்கு, வேலை பார்க்கும் ஆப்பின் ஐடி எல்லாம் காட்டிப் பதிவு எண் வாங்குங்கள். விண்ணப்பம் இன்னும் வாங்குகிறார்களா என்று அங்கேயே கேட்டுத் தெரிந்துகொண்டு பிறகு ஷோரூமுக்குப் போங்கள். மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் போகாத, 250 வாட்டுக்குக் குறைந்த வண்டிக்கு ஆர்சியும் லைசென்ஸும் வேண்டாம் என்பதால் அதைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் உண்டு. ஆனால் கடைக்காரர் வேகத்தைக் கூட்டித் தருகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கூட்டிய நிமிடத்திலிருந்து அது பதிவில்லாத மோட்டார் வாகனம், இன்சூரன்ஸும் இல்லை. பிடித்தால் வண்டியும் போகும், அன்றைய சம்பாத்தியமும் போகும்.